வகிட்டில் இருந்த குங்குமம்

ஃபிளாஷ் வெளிச்சம் அதிகமாக விழுந்து வெளுத்துப்போன முகத்தை எப்படிச் சரிசெய்வது என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள், பிள்ளைகளே. இத்தனை வருஷம் இந்த வேலையைப் பார்த்தவள், ஏதாவது சூட்சுமம் வைத்திருப்பாள் என்று உங்களுக்கு நினைப்பு. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் உருட்டுவதை, நீங்கள் சினிமாக் கதை பேசிக்கொண்டே முடித்துவிடுகிறீர்கள். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவள் என்பதால் இதை வெளிப்படையாகச் சொல்லலாம். நான் எழுதப்போவதும் அந்த வயிற்றெரிச்சலைப் பற்றித்தான். வெளுத்த முகம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நம் கடை மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலை தொடங்கும் இடத்தில் ஒரு மாடியில் இருந்தது. கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று வேலைக்கு எடுக்கப்பட்டவள் நான். குரோம்பேட்டையில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவேன். கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்குள் யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். முதலாளிகூட வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு வந்து என் பின்னால் நிற்பார். எல்லோரும் என்னைக் கம்ப்யூட்டர் மேடம் என்றார்கள். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு வருஷம் கழித்து மெர்சி வந்தாள். சேலையூர் பெண், அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். கவுண்டரில் உட்கார்ந்து, படங்கள் போடும் கவர்களில் வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் எழுதுவதுதான் அவள் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடி அறை வாசலில் நின்று நான் செய்வதைப் பார்ப்பாள். எனக்கும் பெருமையாக இருந்ததால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன். மூன்றே மாதத்தில் அவள் என்னைத் தாண்டிவிட்டாள். கை வேகத்தில் இல்லை, கண்ணில். ஒரு முகத்தைப் பார்த்ததும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, மூக்கின் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

பிறகு இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கினார்கள். புதுசு, பெரிய திரை. எனக்குத்தான் வரும் என்று நினைத்து மேசையைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். முதலாளி அதை மெர்சிக்குக் கொடுத்தார். பழையது எனக்குக் கை பழகியது என்று காரணம் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே, ஆமாம் சார், இதுதான் எனக்கு வசதி என்றேன். அன்று கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

வாடிக்கையாளர்கள் வந்து, அந்தச் சுருட்டை முடிப் பொண்ணு இருக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவள் முடித்துவைத்த படங்களைத் திறந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கித் தப்பு தேடுவேன். எங்கேயாவது ஓரம் பிசகியிருக்கிறதா, நிறம் ஒட்டாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் அகப்படாது. பொறாமைக்காரியின் கண்ணைவிடக் கூர்மையான கண் கிடையாது. அந்தக் கண்ணுக்கே அகப்படவில்லை என்றால் அவள் வேலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் அந்தத் தாலி கட்டும் படம் வந்தது. ஒரு சின்னக் கோவிலில் நடந்த கல்யாணம், ஒரே ஒரு பிலிம் ரோல். நம் போட்டோகிராபர் அண்ணன் மண்டபத்துத் தூரத்துக்கு வைத்திருந்த ஃபிளாஷ் அளவை மாற்றாமலே சன்னதிக்குள் போய்விட்டார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் மணப்பெண். முழு வெளிச்சமும் அவள் முகத்தில்.

"இன்னா பண்றது மேடம், உள்ள நிக்கவே எடமில்ல. ஐயரு மேளத்துக்குக் கைய காட்றாரு, பின்னாலேந்து ஒரு பெரியம்மா தள்ளிகினே கீது. நான் அழுத்தறதுக்கும் அந்தம்மா இடிக்கிறதுக்கும் சரியா பூட்ச்சு" என்றார்.

மாலை மாற்றுவதை மறுபடி செய்யச் சொல்லலாம். மெட்டி போட்டபிறகுகூட மாப்பிள்ளையை இன்னொரு தடவை காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கச் சொல்லலாம். எத்தனையோ மாப்பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? ஆல்பத்தில் முதல் பக்கத்தில் பெரிதாகப் போக வேண்டிய படம் அது. மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, பின்னால் அட்சதையோடு நின்றவர்கள் எல்லாம் இருந்தார்கள். பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புருவமும் ஒரு பொட்டும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. தலையின் முன்பக்கம்கூட வெளுத்திருந்தது. நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும்; அதிலும் அந்த இடம் கரியாக அடைத்துப்போயிருந்தது. சிட்டி லேபில் பிரிண்ட் போடுகிறவர் என்னென்னவோ செய்துபார்த்துக் கையை விரித்துவிட்டார்.

இரண்டு நாள் நான் அதோடு மல்லுக்கட்டினேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டுமானால் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கொஞ்சம் வெளுத்த இடத்தை மீட்கலாம், முழுக்க வெளுத்த இடத்தில் மீட்க ஒன்றுமே இல்லை. அதை இருட்டாக்கினால் சாம்பல் நிறம்தான் வரும். நான் இருட்டாக்கினேன், முகமெல்லாம் விபூதி பூசியது போல ஆயிற்று. தோல் நிறத்தைத் தீட்டினேன். கொலு பொம்மை மாதிரி ஆயிற்று. அந்தக் காலத்தில் செய்ததை ஒரு தடவைதான் ரத்து செய்ய முடியும். உங்களைப் போல ஐம்பது படி பின்னால் நடக்க வழியில்லை. மூன்றாம் நாள் காலையில் முதலாளி என் பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெர்சி ஒரு தடவை பார்க்கட்டுமா என்று தன்மையாகக் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மெர்சி உடனே கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அந்த ரோலில் இருந்த முப்பத்தாறு படங்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்தாள். தாலி கட்டி முடிந்தபின் பெண் பெரியவர்கள் காலில் விழுவதற்காகக் குனியத் தொடங்கும் படம். அதே பக்கச் சாய்வு, அதே தாழ்ந்த பார்வை, ஆனால் வெளிச்சம் அளவாக இருந்தது. அந்த முகத்தைத் தலையோடு எடுத்துக்கொண்டுவந்து இங்கே பொருத்தினாள். காதோரப் பூவையும் கழுத்து நிழலையும் இழைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கூடிவிட்டார்கள். போட்டோகிராபர் அண்ணன், இது நான் எடுத்த படமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபின் மெர்சி தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, அவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. நீங்க பாத்து சொல்லுங்க, எங்கயாவது தப்பு இருக்கா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தேன். கழுத்தைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், பூவைப் பார்த்தேன். தலைக்குப் போனேன். பெண் நெற்றிச்சுட்டி வைத்திருக்கவில்லை. எளிமையான கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதனால் வகிடு நன்றாகத் தெரிந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு விரல் நுனி அளவு சிவப்பு. பெரிதாக்கினேன். குங்குமம்.

எங்கள் வீடுகளில் பெண் மணமேடைக்கு வரும்போது நெற்றியில் பொட்டு இருக்கும், வகிட்டில் ஒன்றும் இருக்காது. தாலி கழுத்தில் ஏறியபிறகுதான் மாப்பிள்ளை தன் கையால் அங்கே குங்குமம் வைப்பான். இந்தப் படத்திலோ மாப்பிள்ளை இன்னும் முடிச்சே போடவில்லை, பிறகு எடுத்த படத்தின் தலையோடு வகிட்டுக் குங்குமமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மெர்சி வீட்டில் பொட்டே வைக்க மாட்டார்கள். கல்யாணம் ஆன இந்துப் பெண்கள் வகிட்டில் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எது முதலில், எது பிறகு என்று மணமேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவளில்லை. முகம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு இதை மறைக்கப்போவதில்லை. இத்தனை மாதமாகத் தேடிய தப்பு, அவளே கூப்பிட்டுக் கையில் கொடுத்த மாதிரி கிடைத்திருக்கிறது. சொன்னால் ஐந்து நிமிஷத்தில் அழித்துவிடுவாள். படம் இன்னும் அழகாகிவிடும். அந்தப் பெயரும் அவளுக்கே போகும். சொல்லாவிட்டால் யாராவது கண்டுபிடிப்பார்கள், முதலாளி அவளை நாலு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, நல்லா இருக்கு என்றேன். அவள் தேங்க்ஸ் அக்கா என்றாள்.

ஆல்பம் போய்ப் பத்து நாள் இருக்கும். ஒரு காலையில் அந்த மணப்பெண்ணே வந்தாள், தனியாக. முப்பது வயதிருக்கும். மஞ்சள் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, இந்தப் படத்தைச் செய்தது யார் என்று கேட்டாள். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து முதலாளி மெர்சியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். நானும் எழுந்து வெளியே வந்தேன்.

"எனக்கு இது ரெண்டாவது கல்யாணம் சார்" என்றாள் அந்தப் பெண். "மொத வீட்டுக்காரர் தவறிட்டார். இவர் எல்லாம் தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டார். அவங்க வீட்டுல சில பேருக்குத்தான் பிடிக்கல. நேத்து என் நாத்தனார் இந்தப் படத்தப் பாத்துட்டு, தாலி கட்டறதுக்கு முன்னாடியே வகிட்டுல குங்குமம் இருக்கே, பழசை அழிக்காமயே வந்து உக்காந்துட்டியான்னு கேட்டாங்க. ஹால்ல எல்லாரும் இருந்தாங்க. மாமியார் மட்டும் ஊருக்குப் போயிருக்காங்க, ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்க. அதுக்குள்ள மாத்திக் குடுங்க சார்."

அழவில்லை. வெறும் பையை மடித்துக்கொண்டே இருந்தாள். சின்னதாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

முதலாளி கத்தவில்லை. இத்தனை கல்யாணப் படம் பார்க்கிறாயே, இதுகூடவா தெரியாது என்று மெர்சியைக் கேட்டார். மெர்சி படத்தைக் குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறியது. அக்காகிட்ட காமிச்சுக் கேட்டேன் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. முகம் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன் சார் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "தப்பு என்னுதுதாங்க. மன்னிச்சுக்கங்க" என்றாள்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படி நின்றிருக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. இதிலும் என்னை முந்திவிட்டாளே என்று அந்த நேரத்திலும் மனசு காந்தியது. பொறாமைக்கு நேரம் காலம் கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நானே மாற்றித் தருகிறேன் சார் என்று முன்னால் போனேன். அந்தப் பெண்ணைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வகிட்டைப் பெரிதாக்கி, பக்கத்தில் இருந்த தோலையும் முடியையும் எடுத்து அந்தச் சிவப்பின் மேல் வைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரிண்ட் சிட்டி லேபிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமை கைக்கு வந்துவிடும் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்லயே இது உங்க கண்ணுல பட்டிருந்தா எனக்கு அந்தப் பேச்சு வந்திருக்காதுல்லக்கா."

இரண்டடி தள்ளி மெர்சி உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும். நான் ஏதோ முனகிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.

அன்று சாயங்காலம் டீ வந்தது. மெர்சி டம்ளரை எடுக்கவில்லை. அறையில் நாங்கள் இருவர்தான்.

"அக்கா, அன்னைக்கு நீங்க வகிட்டுக்கிட்ட போய்ப் பெரிசு பண்ணிப் பாத்தீங்க. நான் முடியை ஒட்ட வெச்சது சரியா இருக்கான்னு பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். அன்று வரவில்லை. "உன் மேல பொறாமை" என்றேன்.

என்னை மன்னித்துவிடுவாள், அழுவாள், கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் நினைக்காதீர்கள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்னைத் திட்டினது போகட்டும். அந்தப் பொண்ணு உங்களுக்கு என்னக்கா பண்ணுச்சு?"

நான் கணக்குப் போட்டபோது மெர்சி இருந்தாள், முதலாளி இருந்தார், நான் இருந்தேன். திரையில் முகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெண் மட்டும் என் கணக்கில் வரவே இல்லை. அவள் எனக்கு ஒரு வேலை, ஒரு கவர் நம்பர். பெரிதாக்கிப் பெரிதாக்கி வகிட்டைப் பார்த்தவள், அது ஒரு மனுஷியின் தலை என்று பார்க்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் போனேன். அவர் தன் ஓட்டைக் காலுறையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், முந்தின நாள் என் மேசைக்கு மாற்றியிருந்த கடினமான கவர்களை எடுத்து மெர்சி மேசையில் வைத்தார். சனிக்கிழமை வந்த பிரிண்டைத் தன் கையாலேயே ஆல்பத்தில் ஒட்டி, அந்தப் பெண் வீட்டுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாமியார் பார்த்தபோது படம் சரியாக இருந்தது. நாத்தனார் சொன்னது சொன்னதுதான். அந்த நாத்தனார் வீட்டு விசேஷங்களுக்கு அவள் இன்றும் போவதில்லை என்று பிறகு அவள் வாயாலேயே கேட்டேன்.

மெர்சி பல வாரம் என்னிடம் எதையும் காட்டவில்லை. எதிரே டீக்கடைக்கார அம்மாவை மேலே கூப்பிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே அழைத்துவந்து, இது சரியா இருக்காம்மா என்று கேட்பாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அம்மா மேல்கூடப் பொறாமையாக இருந்தது. பிறகு ஒரு நாள் ஒரு வளைகாப்புப் படத்தை முடித்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினாள். நான் பார்த்தேன். இடது கையில் ஒரு வளையலின் நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது. சொன்னேன். மாற்றினாள். படம் என்னால் செய்ய முடியாத அளவு அழகாக வந்தது. வயிறு எரிந்துகொண்டேதான் சொன்னேன்.

அதனால், பிள்ளைகளே, பொறாமைப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. படுவீர்கள். ஒரே அறையில், ஒரே வேலையை, பக்கத்தில் இருப்பவர் உங்களைவிட நன்றாகச் செய்தால் படாமல் எப்படி இருப்பீர்கள்? யாராவது திரையைத் திருப்பிப் பார்த்துச் சொல் என்று கேட்டால் மட்டும், பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். கேட்பது பக்கத்து நாற்காலிக்காரர்தான் என்றாலும், படத்தில் இருப்பது வேறு யாரோ.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. அந்த மணப்பெண் நம் கடைக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறார். மகனின் முதல் பிறந்தநாளிலிருந்து காலேஜ் பட்டமளிப்பு வரை ஒரு படம் விடாமல் என்னிடம்தான் கொண்டுவந்திருக்கிறார். அந்த அக்கா பாத்தா ஒரு தப்பும் இருக்காது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். முதலாளியிடம் சொன்னேன், மெர்சியிடம் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். அவரிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மகனின் நிச்சயதார்த்தப் படங்களோடு வருவார், என்னைக் கேட்பார். நான் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லி, மேடவாக்கத்தில் மெர்சி வைத்திருக்கும் கடைக்கு அனுப்பிவையுங்கள். நம் கடையைவிடப் பெரிய கடை, கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அன்றைக்கு அவருடைய முகத்தை மீட்டுக்கொண்டுவந்தவள் அவள்தான் என்றும் சொல்லுங்கள். மீதியை நானே ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. இருந்தாலும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.